“ஃபார்மட் செய்யவா?” என்று கணினி கேட்டால்...



இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து டிரஸ்ட் அலுவலகத்தைத் திறக்க வந்தபோது ஒரு தகப்பனாரும் மகனும் வாசலில் காத்திருந்தார்கள். கையில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா. 2009-ல் மூத்த மகளின் நிகாஹுக்கு எடுத்த படங்கள் அதன் மெமரி கார்டில்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. அந்த வீட்டுத் தாயார் வஃபாத்தாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. கேமரா என்றாலே முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறவர். மகள் நிகாஹ் அன்று மட்டும் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு படம் எடுக்கச் சம்மதித்தாராம்.

அந்தப் படங்களைப் பார்க்கலாம் என்று தம்பி கார்டைக் கணினியில் செருகியிருக்கிறார். ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?’ என்று திரையில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. படத்தைத் திறக்கத்தான் அனுமதி கேட்கிறது என்று நினைத்து அவர் சம்மதம் கொடுத்துவிட்டார். அடுத்த நிமிடம் கார்டு காலி. தகப்பனார் ஒன்றும் திட்டவில்லை. பேசாமல் நின்றார். அதுதான் பையனுக்குத் தாங்கவில்லை.

அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பிறகு சொல்கிறேன். இந்த இதழில் இதை எழுதக் காரணம், இப்படி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நமது ஊரில் கணினி இல்லாத தெரு இல்லை. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ப்ளஸ் டூ முடித்த நம் பிள்ளைகள் வாங்கி வந்தவை இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. சில வீட்டில் வேலை செய்கிறது, சில வீட்டில் அலமாரியில் குர்ஆன் பலகைக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கிறது. சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த கேமராக்களும் பீரோவில் துணிகளுக்கு நடுவே இருக்கின்றன. பழுது என்றால் கள்ளக்குறிச்சிக்கோ திருக்கோவிலூருக்கோ எடுத்துக்கொண்டு போகிறோம். அதில் பாதி, வீட்டிலேயே பத்து நிமிடத்தில் தீரக்கூடியது.

கணினி உயிர் பெறவில்லை என்றால்

மேஜைக் கணினியில் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லையா? முதல் சந்தேகம் கணினி மீது வேண்டாம், யுபிஎஸ் மீது வையுங்கள். யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு, கணினியின் வயரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். ஓடினால் கணினியில் பழுதில்லை, யுபிஎஸ் பேட்டரிதான் ஆயுள் முடிந்திருக்கிறது. அந்த பேட்டரி பொதுவாக இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். நமது பக்கம் அதற்குள்ளேயே போய்விடுகிறது. கரும்புக்கும் நெல்லுக்கும் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால் வீட்டில் ஃபேன் மெதுவாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அது மிகவும் இறங்கும்போதெல்லாம் யுபிஎஸ் தன் பேட்டரியிலிருந்துதான் ஈடு கட்டுகிறது. நாள் முழுக்க இப்படிக் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தால் பேட்டரி எப்படி நிலைக்கும்? லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டுகிற வழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டாம், அது இழுக்கிற மின்சாரம் அதிகம்.

விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் வருகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை, அல்லது பீப் பீப் என்று திரும்பத் திரும்ப ஒலிக்கிறது என்றால் முதலில் திரைக்குப் போகிற வயரின் இரு முனையையும் அழுத்திப் பாருங்கள். பிறகு ரேம். மின்சாரத்தைத் துண்டித்து, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொட்டுவிட்டு ரேமை வெளியே எடுங்கள். அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். தூசியும் ஈரமும் படிந்து தொடர்பு விட்டுப்போவதுதான் பெரும்பாலும் காரணம். இது சிரிப்பாகத் தோன்றலாம். கடையிலும் முதலில் இதைத்தான் செய்வார்கள்.

ஆனால் மின்சாரம் வந்து சேருகிற அந்த இரும்பு டப்பா, எஸ்எம்பிஎஸ் என்பார்களே, அதை மட்டும் வீட்டில் யாரும் பிரிக்கக் கூடாது. வயரைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

மடிக்கணினி வேறு மாதிரி. அரசு தந்த பழைய மடிக்கணினிகளில் பேட்டரி செத்திருந்தாலும், பெரும்பாலும் சார்ஜரைச் செருகியபடியே ஓடும். அதற்காக மூலையில் போட வேண்டியதில்லை. ஆனால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். விரலால் நகர்த்துகிற பகுதி மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாமல் நின்றாலோ அதுதான் அடையாளம். அப்படியானால் உடனே நிறுத்திவிட வேண்டும். சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, பிள்ளைகள் ஊசியால் குத்திப் பார்க்கக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். இன்னொன்று, பாயிலும் மெத்தையிலும் வைத்து மடிக்கணினியை ஓட்டாதீர்கள். அடியில் இருக்கிற காற்றுத் துவாரம் அடைபட்டுச் சூடேறி, தானாக அணைந்துவிடும். சித்திரை வெயிலில் ‘அடிக்கடி அணைகிறது’ என்று வருபவற்றில் பல இதுதான்.

கடிகாரம் பொய் சொன்னால்

உதவித்தொகை விண்ணப்பம் போட ஒரு மாணவி உட்கார்ந்தார். எந்த அரசு இணையதளத்தைத் திறந்தாலும் ‘இந்தத் தொடர்பு பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பு எச்சரிக்கை. வைரஸ் என்றார் ஒருவர், நெட் சரியில்லை என்றார் இன்னொருவர். கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் போய்த் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். கணினி தன்னை 2010-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பாதுகாப்பான ஒவ்வொரு இணையதளமும் ஒரு அடையாளச் சான்றிதழை வைத்திருக்கிறது. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால், சான்றிதழ் செல்லாது என்று அது நினைத்துக் கதவைச் சாத்திவிடுகிறது. தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, நேர மண்டலம் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்றிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டால் எச்சரிக்கை மறைந்துவிடும். அந்த மாணவியின் விண்ணப்பம் அன்றே போனது.

தேதி ஏன் தப்பியது? கணினிக்குள் நாணயம் போன்ற ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது. மேஜைக் கணினியில் பெரும்பாலும் ‘சிஆர் 2032’ என்ற எண், 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதன் வேலை. சில வருடங்களில் அது தீர்ந்துபோகும். தினமும் கணினியைப் போட்டதும் ‘எஃப் 1 அழுத்து’ என்று கேட்டாலும் காரணம் பெரும்பாலும் இதுவே. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், பெரிய செலவில்லை. ‘மதர்போர்டு போய்விட்டது’ என்று யாராவது சொன்னால், முதலில் இதை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேமராவிலும் இதே கதைதான். பேட்டரியை எடுத்து மாதக்கணக்கில் வைத்துவிட்டு மறுபடி போடும்போது அது தேதியைக் கேட்கும். நாம் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். பிறகு பெருநாள் படமும் கல்யாணப் படமும் எல்லாம் ஏதோ ஒரு ஜனவரி 1-ல் எடுத்ததாகப் பதிவாகிவிடும். பத்து வருடம் கழித்து எது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மெதுவாக ஓடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்தால் மெதுவாகும், கொஞ்சம் காலி செய்யுங்கள். செலவு செய்ய முடிந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள், வித்தியாசம் கண்ணால் தெரியும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அது வேறு. சாகப்போகிற டிஸ்க் அது. அப்போது வைரஸ் ஸ்கேன் அது இது என்று ஓட்டிக்கொண்டிருக்காமல், முக்கியமான படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டது. கணினி ஓடும்தான். ஆனால் அந்தப் பழைய விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்காமலிருப்பது நல்லது.

பென் டிரைவ் பற்றி ஒன்று. பிரவுசிங் சென்டரில் செருகி வந்த பிறகு, உள்ளே இருந்த கோப்புகளெல்லாம் வளைந்த அம்புக்குறி போட்ட குறுக்குவழிகளாக மாறியிருக்கும். திறந்தால் வராது. கோப்புகள் அழியவில்லை. வைரஸ் அவற்றை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் போலியை வைத்திருக்கிறது. அந்த அம்புக்குறியைச் சொடுக்கினால் வைரஸ்தான் ஓடும், எனவே தொடாதீர்கள். நம் பிள்ளைகளின் மடிக்கணினியில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்று இன்னொன்றும் போட்டுத் தந்தார்களே, சி-டாக் நிறுவனம் தயாரித்தது, யாரும் திறந்தே பார்க்காதது, அது இதற்குக் கைகொடுக்கும். கணினி தொடங்கும்போது அதைத் தேர்ந்தெடுத்து பென் டிரைவைச் செருகினால், விண்டோஸ் வைரஸ் அதில் ஓடாது. மறைத்த கோப்புகளும் சாதாரணமாகவே தெரியும். வேண்டியதை நகல் எடுத்துக்கொள்ளலாம்.

கேமராவும் கார்டும்

‘பேட்டரி போட்டால் பத்துப் படத்தில் தீர்ந்துவிடுகிறது’ என்பது பழைய கேமராக்களைப் பற்றிய பெரிய புகார். பேனா பேட்டரி இரண்டு போடுகிற ரகங்களில்தான் இது வரும். கேமரா மீது குற்றமில்லை. சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற சாதா பேட்டரி, ஃப்ளாஷும் லென்ஸும் ஒரே நொடியில் இழுக்கிற மின்சாரத்தைக் கொடுக்க முடியாது. ஆல்கலைன் என்று எழுதியதோ, சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் பேட்டரியோ போட வேண்டும்.

‘கார்டு லாக்டு’ என்று வந்தால் கார்டை வெளியே எடுத்து இடது விளிம்பைப் பாருங்கள். நகத்தால் தள்ளக்கூடிய சின்னப் பூட்டு இருக்கும். மேலே தள்ளினால் திறக்கும். கேமராவைக் கணினியோடு இணைத்தும் படம் வரவில்லை என்றால் வயரைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற, தகவலைக் கடத்தாத வயர்கள் இப்போது நிறைய வருகின்றன.

இப்போது அந்த ‘ஃபார்மட்’ கேள்விக்கு வருவோம். கணினிக்கு அந்தக் கார்டைப் படிக்கத் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். கார்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. 2 ஜிபி வரை உள்ளவை ஒரு வகை, 32 ஜிபி வரை இன்னொரு வகை, அதற்கு மேல் மூன்றாவது வகை. பழைய கார்டு ரீடருக்குப் புதிய வகை புரியாது, பழைய விண்டோஸுக்கும் அப்படியே. கார்டின் தகடுகளில் அழுக்கு படிந்திருந்தாலும் இதே கேள்வி வரும். எனவே ‘கேன்சல்’ அழுத்துங்கள். கார்டைத் துடைத்து வேறு ரீடரில், வேறு கணினியில் செருகிப் பாருங்கள். கேமராவிலேயே போட்டுப் பாருங்கள், அங்கே படம் தெரிந்தால் கேமராவையே வயர் மூலம் கணினியில் இணைத்து எடுத்துவிடலாம்.

தெரியாமல் அழித்துவிட்டால், அல்லது ஃபார்மட் செய்துவிட்டால் முதல் வேலை கார்டை வெளியே எடுப்பது. அதில் இன்னொரு படம்கூட எடுக்கக் கூடாது. பக்கவாட்டுப் பூட்டைப் போட்டுவிடுங்கள். பூட்டினால் படிக்க முடியும், எழுத முடியாது. ஏன் என்று சொல்கிறேன். ஒரு புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டால் பாடங்கள் உள்ளே அப்படியே இருக்குமல்லவா? அழிக்கும்போது பெரும்பாலும் நடப்பது அதுதான். படம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்புதான் போகிறது, படம் போவதில்லை. அந்த இடத்தில் புதிய படம் எழுதப்பட்டால்தான் பழையது நிஜமாக அழிகிறது.

இப்படிக் கிடக்கும் படங்களைத் தேடி எடுக்க ‘ஃபோட்டோரெக்’ என்ற மென்பொருள் இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதியது, இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். பொருளடக்கத்தைப் பார்க்காமல், படக் கோப்பு தொடங்குகிற அடையாளத்தைக் கார்டு முழுவதும் தேடிச் சேகரிக்கிறது. மீட்கிற படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, கணினியில்தான் சேமிக்க வேண்டும். பழைய பெயர்கள் வராது, வரிசையும் கலைந்திருக்கும்.

அந்தக் குடும்பத்துக்கும் இதைத்தான் செய்தோம். நல்ல வேளை, தம்பி பயந்துபோய் அதன் பிறகு கார்டைத் தொடவே இல்லை. ஒன்றரை மணி நேரம் ஓடியது. பெரும்பாலான படங்கள் வந்தன. வலீமா வீடியோ பாதிதான் வந்தது. தாயாரின் நான்கு படங்களில் மூன்று வந்தன, நான்காவது பாதி சாம்பல் நிறமாக இருந்தது. தகப்பனார் அந்தப் பாதிப் படத்தையும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அழியாமலே படத்தை இழக்கிற வழி ஒன்றும் உண்டு. சில கேமராக்களில் கார்டு மாற்றினால் எண் மறுபடி 0001-லிருந்து தொடங்கும். மற்றவற்றிலும் 9999 தாண்டினால் திரும்பத் தொடங்கும். புதிய படங்களைக் கணினியில் பழைய ஃபோல்டருக்குள்ளேயே நகல் எடுத்தால், ‘இதே பெயரில் இருக்கிறது, மாற்றவா?’ என்று கேட்கும். ‘மாற்று’ என்றால் பழைய நிகழ்ச்சி போய்விடும். இப்படிப் போனது மேலே சொன்ன முறையில் திரும்புவது கடினம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதியோடு தனி ஃபோல்டர் போடுவது ஒன்றுதான் வழி.

கல்வராயன் மலைக்குச் சுற்றுலா போய், மேகம் அருவிச் சாரலில் கேமராவை நனைத்துக்கொண்டு வருகிறார்கள். உடனே பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, மூடிகளைத் திறந்து ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். ‘வேலை செய்கிறதா’ என்று நடுவில் போட்டுப் பார்ப்பதில்தான் பாதி கேமரா சாகிறது. அரிசி டப்பாவில் புதைப்பது வேண்டாம், தூளும் மாவும் லென்ஸ் இடுக்கில் போய்விடும். பீரோவில், அதுவும் தோல் உறையோடு வைத்தால் மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில், புதுச் செருப்பு, பை வாங்கும்போது வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும். கேமராவைப் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள். ஃப்ளாஷுக்கான மின்சாரம் உள்ளே 300 வோல்ட் அளவில் தேங்கியிருக்கும், பேட்டரி எடுத்த பிறகும்.

கடையில் கொடுக்கும் முன்

நமது பெண்கள் பலர் என்னிடம் நேரிலும், வீட்டு ஆண்கள் மூலமும் கேட்டது இது. ‘கார்டில் வீட்டுப் பெண்களின் படம் இருக்கிறது, கடையில் எப்படிக் கொடுப்பது?’ நியாயமான தயக்கம். கடைக்காரர்களில் பெரும்பாலோர் அமானிதம் பேணுகிறவர்கள்தான். இருந்தாலும் கேமராவைப் பழுது பார்க்கக் கார்டு தேவையே இல்லை, எடுத்துவிட்டுக் கொடுங்கள். மேஜைக் கணினி என்றால், பழுது டிஸ்க்கில் இல்லாதபோது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுக்கலாம். நாலு திருகுதான்.

அதைவிடக் கவனம் வேண்டியது பழையதை விற்கும்போது. அழித்த நிகாஹ் படங்களை நாம் ஒன்றரை மணி நேரத்தில் மீட்டோம் என்றால், நாம் அழித்துவிட்டு விற்ற கார்டிலிருந்து வேறு ஒருவரும் மீட்கலாம். எனவே விற்பதற்கு முன் ஃபார்மட் செய்யும்போது ‘குயிக் ஃபார்மட்’ என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் டிஸ்க் முழுவதும் வெறுமையால் எழுதப்படும். கேமரா கார்டு என்றால் இன்னும் எளிய வழி உண்டு. ஃபார்மட் செய்துவிட்டு, சுவரைப் பார்த்து வைத்து, கார்டு நிரம்பும் வரை வீடியோ ஓடவிடுங்கள். பழைய படங்கள் மீது சுவர் எழுதப்பட்டுவிடும். டிஸ்க் இல்லாமல் கணினியை விற்றால் சில நூறு ரூபாய் குறையும், அவ்வளவுதான்.

ஸ்டுடியோக்காரர் கொடுத்த கல்யாண டிவிடிக்களையும் இந்த வருடமே நகல் எடுத்துவிடுங்கள். வெயிலில் அவை மங்கிக்கொண்டே போகின்றன. புதிய மடிக்கணினிகளில் டிவிடி போடுகிற இடமும் இல்லை.

டிரஸ்ட் அலுவலகத்தில் எல்லா வகைக் கார்டுக்குமான ரீடர் ஒன்றும், வெளியே இணைக்கிற டிவிடி டிரைவ் ஒன்றும் வைத்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரை வந்து நீங்களே உட்கார்ந்து நகல் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. பென் டிரைவ் மட்டும் கொண்டு வாருங்கள். பெண்கள் வரும்போது திரை அவர்கள் பக்கம் மட்டும் இருக்கும்படி மேஜையை உள் அறையில் போட்டிருக்கிறோம், எப்படிச் செய்வது என்று காட்டிக்கொடுக்க நம் கல்லூரி மாணவி ஒருவர் இருப்பார். அலுவலகக் கணினியில் யாருடைய படமும் தங்காது. போகும்போது நீங்களே அழித்துவிட்டுப் போகலாம், மேலே சொன்ன முறைப்படி.